கேஸ் கிணறு வேண்டாம், சரி; மோட்டார் எதில் ஓடுது?

எங்கள் டெல்டாவுக்கு 'வேண்டாம்' சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மீத்தேன் வேண்டாம், ஹைட்ரோகார்பன் வேண்டாம், நிலக்கரிச் சுரங்கம் வேண்டாம், பெட்ரோ கெமிக்கல் மண்டலம் வேண்டாம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டோம். பெரும்பாலும் ஜெயித்தும் விட்டோம். பந்தலில் உட்கார்ந்த கூட்டத்தில் நானும் ஒருத்தன் என்பதால் அந்தப் பெருமையில் எனக்கும் சின்னதாக ஒரு பங்கு உண்டு. ஆனால் பந்தலைப் பிரித்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. கேட்டால் நம்மாட்களே முகத்தைச் சுளிக்கிறார்கள். அந்தக் கிணறும் வேண்டாம், இந்தச் சுரங்கமும் வேண்டாம் என்றால் நம் போர்செட் எதில் ஓடுகிறது?

இதை நான் கேட்கக் காரணம் என் தொழில். மன்னார்குடிக்குத் தெற்கே மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கோடை உழவு முடிந்து குறுவைக்கு நாற்று விடும் மாதங்களில் கடை வாசலில் நடக்க இடம் இருக்காது. மோனோபிளாக், நீர்மூழ்கி, பழைய பெல்ட் மோட்டார் என்று எல்லாம் கருகிப்போய் வந்து கிடக்கும். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர நாளாகும். 2024 மாதிரி ஜூலைக் கடைசி வரை திறக்காமலே போகிற வருஷமும் உண்டு. அதுவரை பில்டர் பாயிண்ட் என்கிற குழாய்க் கிணற்றை நம்பித்தான் நாற்றங்கால். அந்த நேரத்தில் மோட்டார் படுத்துவிட்டால் மனுஷன் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். 'தம்பி, இன்னிக்கு ராத்திரிக்குள்ள முடிச்சுக் குடுத்துடு, நாத்து வெளுத்துப் போவுது' என்று தலையில் துண்டோடு வந்து நிற்பவரிடம் பெரிய தத்துவமெல்லாம் பேச முடியாது. காயிலைத்தான் கட்ட வேண்டும்.

மோட்டாரைப் பிரித்ததும் ஸ்டேட்டரை, அதாவது காயில் சுற்றியிருக்கிற சுழலாத பாகத்தைப் பார்த்தே எதனால் செத்தது என்று சொல்லிவிடலாம். சுற்றிலும் ஒரே மாதிரி கருத்திருந்தால் வோல்டேஜ் இல்லாமல் இழுத்து இழுத்துச் செத்தது, இல்லையென்றால் லோடு தாங்காதது. மூன்றில் இரண்டு பங்கு கருகி, நடுநடுவே ஒரு பங்கு மட்டும் செம்பு நிறம் மாறாமல் பளிச்சென்று இருந்தால் ஒரு பேஸ், மும்முனையில் ஒரு முனை, போயிருக்கிறது. எங்கள் பக்கம் இந்த இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் காரணம் கண்டன்சர். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்திலும் இருக்கிற இரண்டு பேஸை வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு கண்டன்சர் பெட்டியைப் போட்டு, மூன்றாவது பேஸ் இருப்பதாக மோட்டாரை ஏமாற்றி ஓட்டுவார்கள். தண்ணீர் வரும், ஆனால் சுற்றில் ஓடும் ஆம்பியர் ஏறிவிடும். காயில் சூடாகும், டிரான்ஸ்பார்மர் சூடாகும், பக்கத்து வீட்டு டியூப்லைட் மினுக்கும். கடைசியில் மோட்டார் என் கடைக்கு வரும். கண்டன்சர் இல்லாவிட்டால் என் வருமானத்தில் பாதி போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாராவது அதைக் கேட்டு மடக்க வேண்டாம்.

மீத்தேன் விஷயம் எனக்குப் புரிந்ததும் இந்தத் தொழில் வழியாகத்தான். 2010-ல் மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டரில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி என்ற கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். கூட்டங்களில் புற்றுநோய், பூகம்பம் என்றெல்லாம் பேசினார்கள். எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்த வாயு எப்படி வெளியே வருகிறது என்று ஒருத்தர் விளக்கியபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிலக்கரிப் பாறைக்குள் மீத்தேனை அமுக்கி வைத்திருப்பது தண்ணீரின் அழுத்தம். முதலில் அந்தத் தண்ணீரை இறைத்து வெளியே கொட்ட வேண்டும். அழுத்தம் குறைந்தால்தான் வாயு பிரியும். வருஷக்கணக்கில், நூற்றுக்கணக்கான இடங்களில், ராட்சச பம்பு வைத்து அடியிலிருந்து தண்ணீரை இறைத்தால் மேலே இருக்கிற பில்டர் பாயிண்ட் என்ன ஆகும், முத்துப்பேட்டைப் பக்கமிருந்து உப்புத் தண்ணீர் எவ்வளவு தூரம் உள்ளே ஏறும் என்று மோட்டார்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒவ்வொரு கோடையிலும் பைப் லெங்த் கூட்டிப் போடுகிறவன் நான்.

மீத்தேனை எதிர்த்து ஊர் ஊராக நடந்த பிரச்சாரத்தின் நடுவில்தான் இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் காலமானார். 2015-ல் மாநில அரசு மீத்தேன் திட்டத்தை அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. பிறகு நடந்ததெல்லாம் எல்லாருக்கும் தெரியும். 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பனை எதிர்த்து நெடுவாசல் போராட்டம். அதே வருஷம் ஜூன் 30-ல் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் உடைந்து வயலில் எண்ணெய், தடியடி, மீத்தேன் எதிர்ப்பு இயக்கத்துப் பேராசிரியர் ஜெயராமன் கைது. 2019 ஜூன் 23-ல் மரக்காணத்திலிருந்து ராமேஸ்வரம் வரை ஹைட்ரோகார்பனுக்கு எதிராக மனிதச் சங்கிலி. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று நிலக்கரித் தொகுதிகள் ஏலப் பட்டியலில் இருப்பது தெரிந்ததும் எழுந்த சத்தத்தில், ஒரு வாரம் முடிவதற்குள் மத்திய அமைச்சரே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாக அறிவித்தார். போராட்டம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

அந்த 2020 சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய், எரிவாயு தோண்டுவது, உருக்காலை, செம்பு உருக்குவது, தோல் பதனிடுவது என்று புதிதாக எதெல்லாம் வரக்கூடாது என்று பட்டியல் போட்டிருக்கிறது. நல்லது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை அது தொடாது. நரிமணம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1993-லிருந்து இருக்கிறது. அதை வருஷத்துக்கு 90 லட்சம் டன் அளவுக்குப் பெரிதாக்க 2021 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். சட்டம் வந்து சரியாக ஒரு வருஷம். 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரி கடற்கரையில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தபோது, 'அடைக்க வேண்டாம், குழாயையே எடுங்க' என்று மீனவர்கள் நின்றார்கள். அவர்களுக்கு வேளாண் மண்டலம் என்ற பெயரில் இடமே இல்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். எதில் ஓடுகிறது?

என் கடையிலிருந்து திருமக்கோட்டை ரொம்ப தூரமில்லை. அங்கே கோவில்களப்பாலில் 107.88 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. குத்தாலத்தில் இன்னொன்று, 101 மெகாவாட். இரண்டும் நம் படுகையின் எரிவாயுவை நம்பிக் கட்டியவை. ஆக, எந்தக் குழாயை எதிர்த்துக் கதிராமங்கலத்தில் உட்கார்ந்தோமோ அந்த மாதிரிக் குழாயில் வரும் வாயுவும் எங்கள் மின்சாரத்தில் கொஞ்சம் இருக்கிறது. மிச்சத்துக்குக் காற்றாலை உண்டு, தண்ணீர் உண்டு, கமுதி மாதிரி சோலார் உண்டு. ராத்திரி பகல் பாராமல் தாங்கிப் பிடிப்பது மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை அனல்மின் நிலையங்களும் நெய்வேலியும். வடசென்னையின் சாம்பல் குழாய் உடைந்து உடைந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் சாம்பல் படிந்த கதையை எண்ணூர் மீனவர்கள் எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நெய்வேலிச் சுரங்கத்துக்காக வளையமாதேவியில் 2023 ஜூலையில் கதிர் வந்த நெல்வயலில் பொக்லைன் இறங்கியதை டிவியில் பார்த்து எங்கள் ஊரில் அழுதவர்கள் உண்டு.

ஒரு 5 எச்பி மோட்டார் பத்து மணி நேரம் ஓடினால் நாற்பது யூனிட்டுக்கு மேல் இழுக்கும். அது முழுக்க அனல்மின்னாக இருந்தால், நம்மூர் நிலக்கரிக்கு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் என்று வைத்தால், 28 கிலோ கரி. அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல். ஒரே ஒரு மோட்டார், ஒரே ஒரு நாள். இந்த மாநிலத்தில் விவசாய மின் இணைப்பு 20 லட்சத்துக்கு மேல். வடசேரியில் தோண்டாதே என்று சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. ஆனால் எனக்காக எண்ணூரில் எரி என்று சொல்லாமல் சொல்வதாக அது ஆகிவிடக்கூடாது. இதைத்தான் போராட்டக் கூட்டங்களில் பேச விரும்புகிறேன். மைக் கொடுத்தால் இரண்டு நிமிஷத்தில் 'நேரம் ஆச்சுண்ணே' என்று தம்பிகள் துண்டுச் சீட்டு நீட்டுகிறார்கள்.

உள்ளூரில் செய்ய முடிந்ததை நாங்கள் தொடங்கியது மின்சாரத்தில் இல்லை, கரித்தூளில். கடைத்தெருவுக்கு அந்தாண்டை ஒரு நவீன அரிசி ஆலை. பெயர் வேண்டாம். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைக்க வேண்டும். அதற்கு பாய்லர், பாய்லருக்கு உமி. 100 கிலோ நெல்லில் 20 கிலோ உமி வரும், எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். உமியை எரிப்பது கரி எரிப்பதைவிட எவ்வளவோ மேல். அரசுக் கணக்கில் அது புதுப்பிக்கத்தக்க எரிசக்தி. ஆனால் கொடியில் காயும் வேட்டிக்கு அந்தக் கணக்கு தெரியாது. மொட்டைமாடியில் வடகம் பிழிந்து வைத்தால் சாயங்காலம் எள் வடகமாக இருக்கும். சாம்பலில் சிலிக்கா இருப்பதால் கண்ணில் விழுந்தால் சும்மா தேய்த்துவிட்டுப் போக முடியாது, அறுக்கும். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அந்த இடத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மிதிப்பார்கள்.

மனு கொடுத்தோம். உரிய அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். புகை வெள்ளையாக, சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. 'அளவுக்குள்ளதான் இருக்கு' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். கரி கொட்டுவது விடியற்காலையில் என்று ஊருக்கே தெரியும். அப்போதுதான் தெற்குத் தெரு அக்கா ஒருத்தர் ஒரு யோசனை சொன்னார். எவர்சில்வர் தட்டில் தேங்காயெண்ணெய் தடவி ராத்திரி மாடியில் வைப்பது. காலையில் எடுத்து, மேலே கண்ணாடித் தாள் ஒட்டி, அடியில் தேதியும் வீட்டு நம்பரும் எழுதுவது. ஆலைக்குக் கிழக்கே உள்ள வீடுகள், மேற்கே உள்ள வீடுகள், ஒப்பிட்டுப் பார்க்க அடுத்த ஊரில் அவர் தங்கச்சி வீடு. மேல்காற்று அடிக்கும் ஆடியில் கிழக்குத் தட்டுகள் கறுத்தன, மேற்குத் தட்டுகள் தப்பின. தங்கச்சி வீட்டுத் தட்டில் ஒரு கொசுவும் கொஞ்சம் மண்ணும். படித்தவர்கள் இதற்கு என்ன பெயர் வைப்பார்களோ, எங்களுக்கு அது தட்டு. தட்டுகளை அடுக்கி ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். மேஜை மேல் அடுக்கும்போது அங்கே இருந்த அம்மா ஒருத்தர் விரலால் தொட்டுப் பார்த்து, 'எங்க வீட்லயும் இதேதாங்க' என்றார். அன்றைக்குத்தான் ஃபைல் நகர்ந்தது.

ஆலை முதலாளியிடம் தனியாகவும் போய்ப் பேசினோம். சண்டை போட வேண்டியிருக்கும் என்று நினைத்துப் போனால் அவர் காபி வாங்கிக் கொடுத்துவிட்டார். புகைப்போக்கிக்கு முன்னால் சைக்ளோன் என்று கூம்பு வடிவத்தில் ஒன்று இருக்கிறது. புகை அதற்குள் சுழலும்போது கனமான தூள் அடியில் விழுந்துவிட வேண்டும். விழுந்ததை அவ்வப்போது அள்ளாவிட்டால் அடைத்துக்கொண்டு தூள் முழுக்க வெளியே போகும். இரவு ஷிப்டில் ஆள் இல்லாததால் அள்ளுவதில்லை. அவ்வளவுதான் ரகசியம். தண்ணீர் தெளிக்கும் ஸ்க்ரப்பர் போட்டால் இன்னும் நல்லது, ஆனால் செலவு. இப்போது இரவிலும் அள்ளுகிறார்கள். ஸ்க்ரப்பர் வரவில்லை. கரி குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ஊறல் தொட்டித் தண்ணீர் இன்னும் வாய்க்காலில்தான் போகிறது. அந்த நாற்றத்துக்குத் தட்டு வைக்க முடியாதே.

நான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. கேஸ் கம்பெனியை எதிர்ப்பதில் ஒரு வசதி இருக்கிறது: எதிராளி வெளியூர். அரிசி ஆலைக்காரர் நம் தெரு. கோயில் திருவிழாவுக்கு முதல் நன்கொடை அவருடையது. போகிக்கு டயர் கொளுத்துவது நம் பிள்ளைகள். ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்கிப்போனதை, வண்டி வராத வாரம் ஏரிக்கரையில் கொட்டிக் கொளுத்துவதும் வெளியூர்க்காரன் இல்லை. எங்கள் தொழிலிலேயே ஒரு அசிங்கம் உண்டு. பழைய காயிலை உருவ ஸ்டேட்டரை ரோட்டோரம் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி எரிப்பார்கள். வார்னிஷ் புகை நெஞ்சை அடைக்கும். அதோடு போகாது, ஸ்டேட்டர் தகடுகளுக்கு நடுவே இருக்கிற காப்புப் பூச்சும் கருகி, அந்த மோட்டார் அப்புறம் எத்தனை முறை கட்டினாலும் கரண்டு கூடத்தான் தின்னும். நான் உளி வைத்து வெட்டித்தான் உருவுகிறேன். அரை நாள் கூட ஆகும். கூலி கூடக் கேட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

சோலாருக்கு வருவோம். எங்கள் பக்கம் சோலார் பேச்சு சூடு பிடித்ததே கஜாவுக்குப் பிறகு. 2018 நவம்பர் 16 விடியலில் அடித்த புயலில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பம் சாய்ந்தது. தென்னை போன துக்கம் ஒரு பக்கம். கரண்டு இல்லாத வாரங்கள் இன்னொரு பக்கம். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஊருக்கு ஊர் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தார்கள். டீசல் புகையைச் சுற்றி நின்று செல்போன் சார்ஜ் போட்டோம், ஒரு போனுக்கு இவ்வளவு என்று காசு. அதனால் இப்போது கூரை சோலார் என்றதும் ஊரில் முதலில் கேட்பது: 'புயல் அடிச்சா எரியுமா?'

எரியாது. இதை விற்க வருகிறவர்கள் கடைசி வரை வாயைத் திறந்து சொல்வதில்லை. மானியத்தில் வீட்டுக்குப் போடும் சாதாரண ஆன்-கிரிட் சோலார், அதாவது மின்வாரிய லைனோடு சேர்ந்தே ஓடுவது, லைனில் கரண்டு போன அடுத்த நொடி தானும் நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் செத்துப்போவார். மாடி நிறைய வெயில் கொளுத்தும், பேனல் சும்மா படுத்திருக்கும். புயலுக்கு வேண்டும் என்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும், விலை எங்கேயோ போய்விடும். ஆகவே நான் சொல்வது: வீட்டுக்கு வீடு பேட்டரி வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையம், மேல்நிலைத் தொட்டி மோட்டார், புயல் பாதுகாப்பு மையம், இந்த மூன்றுக்கும் பேட்டரியோடு போட்டால் போதும். அடுத்த கஜாவுக்கு ஊர் தாக்குப்பிடிக்கும்.

வீட்டுக் கூரைக்கு 2024-ல் வந்த சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் நம்மூர் வெயிலில் நாளைக்குச் சராசரியாக நாலு யூனிட் தரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் 2016 முதல் எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இருநூறு யூனிட் ஓடும் வீட்டுக்கு இரண்டு மாத பில் முந்நூறு ரூபாயைத் தொடாது. அந்த வீட்டுக்காரரிடம் போய்க் கடன் வாங்கி சோலார் போடச் சொல்பவனை நான் நம்ப மாட்டேன். ஐந்நூறு யூனிட்டைத் தாண்டி ஏசியும் ஃபிரிட்ஜும் ஓடும் வீடு, அரிசி ஆலை, கல்யாண மண்டபம், தனியார் பள்ளிக்கூடம், இவர்களிடம்தான் பேச வேண்டும். அவர்களுக்கு சில வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும். எங்கள் ஆலை முதலாளியிடம் ஸ்க்ரப்பருக்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிட்டேன். அவர் கூரையே முக்கால் ஏக்கர் இருக்கும்.

வயலில் பேனல் போடுவது பற்றி எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. கமுதியின் வறண்ட நிலத்தில் 2016-ல் 648 மெகாவாட்டுக்கு 2,500 ஏக்கர் போல எடுத்தார்கள். அதை இங்கே முப்போக வண்டலில் யோசிக்கவே கூடாது. கேஸுக்குக் கொடுக்காத நிலத்தை சோலாருக்கு மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்? கூரைக்கா இங்கே பஞ்சம்? நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்குகள் இருக்கின்றன. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் பாதி, கூரையே இல்லாமல் தார்ப்பாயை நம்பி நிற்கின்றன. ஐப்பசி மழையில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டி, 22 வரை தளர்த்தக் கேட்டு வருஷா வருஷம் டெல்லிக்கு எழுதுகிறோம். களத்துக்கு மேல் பேனல் கூரை போட்டால் நெல் நனையாது, காயவைக்கும் இயந்திரத்துக்குக் கரண்டும் ஆச்சு. இதை ஒரு அதிகாரியிடம் சொன்னேன். 'அது வேற டிபார்ட்மென்ட்' என்றார்.

சோலார் பம்புசெட்டுக்கு குசும் திட்டத்தில் மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு குறைந்தது 30 சதவீதம். இணைப்புக்காக வரிசையில் காத்திருப்பவருக்கு நல்ல வழி. ஆனால் டெல்டாவில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் மாதக்கணக்கில் பம்புக்கு வேலையில்லை. பேனல் வெறுமனே வெயில் காயும். அந்த மின்சாரத்தை லைனுக்குள் விட்டுக் காசு பார்க்கும் வழி அதே திட்டத்தின் இன்னொரு பிரிவில் இருக்கிறது. இங்கே அதற்குத்தான் அர்த்தம் உண்டு.

எல்லாவற்றையும் விட மலிவான மின்சாரம் வீணாக்காத மின்சாரம். பழைய பம்புசெட்டில் இழுக்கிற கரண்டில் பாதிகூடத் தண்ணீராக வெளியே வருவதில்லை என்பது தினம் கையில் எடுத்துப் பார்க்கிற எனக்குத் தெரியும். நட்சத்திரக் குறியிட்ட மோட்டார் வாங்கச் சொன்னால் சிரிக்கிறார்கள். கரண்டு இலவசம், அப்புறம் என்ன? அந்தச் சிரிப்பை நான் கேலி செய்ய மாட்டேன். 1970-ல் யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்துப் பெருமாநல்லூரில் கூடிய விவசாயிகளில் மூன்று பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு ஐயா காலத்துப் போராட்டத்தில் இன்னும் பல உயிர். 1990-ல் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வந்தது அதற்குப் பிறகு. ஆகவே மோட்டாருக்கு மீட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் விவசாயிக்கு வயிறு கலங்குவது இயல்பு. இன்றைக்கு மீட்டர், நாளைக்கு பில் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மீட்டர் இல்லாமலே மோட்டார் ஓட்டத்தைக் குறைக்க ஒரு வழி என் கடையிலேயே தயாராகிறது. நாலு அங்குல பிவிசி குழாயில் ஓரடி வெட்டி, கீழ்ப்பாதியில் சுற்றிலும் டிரில் போட்டு ஓட்டை. வயலில் ஓட்டையுள்ள பாதி மண்ணுக்குள் போகும்படி நட்டு, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் தெரியும் தண்ணீர்தான் வேரைச் சுற்றியுள்ள தண்ணீர். மேலே வயல் காய்ந்து மயிர்க்கோடு விட்டிருந்தாலும் குழாய்க்குள் தண்ணீர் வயல் மட்டத்திலிருந்து அரையடிக்குக் கீழே போகும் வரை மோட்டார் போட வேண்டாம். பூக்கும் சமயம் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். நீர் மறைய நீர் கட்டுதல் என்று வேளாண்மைத் துறை பல வருஷமாகச் சொல்வது இதைத்தான். தண்ணீர் நாலில் ஒரு பங்கு மிச்சம் என்றால் மோட்டார் ஓட்டமும் அந்த அளவுக்கு மிச்சம்.

இதில் இன்னொன்று. எப்போதும் தண்ணீர் நிற்கும் நெல்வயலில் காற்றுப் புகாத சேற்றிலிருந்து மீத்தேன் கிளம்பும். ஆமாம், அதே மீத்தேன். விட்டு விட்டுக் காய்ந்தால் அது பாதி அளவுக்குக்கூடக் குறையும் என்று நெல் ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். மீத்தேன் எதிர்ப்புப் பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருத்தரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். 'அப்ப நம்ம வயலுக்கும் ஒரு பந்தல் போடணும்ங்கறியா?' என்றார். குழாய் மட்டும் இரண்டு வாங்கிப் போனார்.

இது வாய்க்கால் பாசனத்தில் எடுபடுவதில்லை. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. வருகிறபோதே வரப்பு முட்டக் கட்டி வைப்பவரைக் குறை சொல்ல முடியாது. நீர்வளத்துறை தேதி சொல்லி, சொன்ன தேதியில் விட்டால்தான் குழாய் பேசும். பம்புசெட் குறுவையில் இப்போதே பேசுகிறது.

அக்டோபர் 2 கிராம சபைக்கு மூன்று தீர்மானம் எழுதியிருக்கிறோம். ஆலையில் ஊறல் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் வாய்க்காலில் விடக்கூடாது என்பது ஒன்று. மேல்நிலைத் தொட்டி மோட்டாருக்கு பேட்டரியோடு சோலார் வேண்டும் என்பது இரண்டு. கண்டன்சர் போட்டு ஓட்டுவதை ஊரே சேர்ந்து நிறுத்துவது, அதற்குப் பதிலாகப் பகலில் வெயில் இருக்கும் நேரத்தில் முழுசாக மும்முனை மின்சாரம் கேட்பது மூன்று. முதல் இரண்டும் கைதட்டலோடு நிறைவேறிவிடும். மூன்றாவதை எதிர்த்துப் பேச இப்போதே மூன்று பேர் தயாராக இருக்கிறார்கள். அதில் ஒருத்தர், குழாய் வாங்கிப்போன அதே அண்ணன். 'பகல்ல முழுசா குடுக்கறேன்னு எழுதி வாங்கு, அன்னிக்கே பெட்டியக் கழட்டி ஒங்கிட்டயே போட்டுடறேன்' என்கிறார். நியாயம்தான். தீர்மானத்தில் எதை முதலில் எழுதுவது என்று மாற்றிப் போட்டிருக்கிறோம்: மின்வாரியம் முதலில், கண்டன்சர் பிறகு.